எது நல்ல பொம்மை? கிளார்க் தம்பதியின் ஆய்வு சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 253 கறுப்பினக் குழந்தைகளை ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் முன்னால் நான்கு பொம்மைகளை வைத்தார்கள் இரண்டு இளம் உளவியலாளர்கள். குழந்தைகளுக்கு வயது மூன்றிலிருந்து ஏழுவரை. பொம்மைகள் நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டுக்குப் பழுப்புத் தோல், கறுப்பு முடி. மற்ற இரண்டுக்கு வெள்ளைத் தோல், மஞ்சள் முடி. இடுப்பில் ஒரு துணியைத் தவிர வேறு உடுப்பு கிடையாது. சட்டையைப் பார்த்தோ முகத்தைப் பார்த்தோ குழந்தை தேர்ந்தெடுத்துவிடக் கூடாது, நிறம் ஒன்றுதான் வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று இந்த ஏற்பாடு. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் 125-ஆவது தெரு உல்வொர்த் கடையில் ஒன்று 50 சென்ட் என்று வாங்கிய பொம்மைகள் அவை.

இந்த ஆய்வு இன்று பாடப்புத்தகங்களில் இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது. கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள். அதையும் ஒரு சான்றாகக் கொண்டு 1954-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்தது. இரண்டும் நடந்தவைதான். ஆனால் 1947-இல் வெளிவந்த மூல அறிக்கையை நிதானமாகப் படித்தால், கேள்விகளின் வரிசையைப் பற்றி அதில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. ஒரு குழந்தை தன்னை ஏற்றுக்கொள்ளக் கற்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு, அறிக்கையின் சதவீதங்களைவிட அந்தக் குறிப்பு அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து. முதலில் நிகழ்வைப் பார்த்துவிடுவோம்.

மேமியின் கேள்வி

பொதுவாக இதைக் கென்னத் கிளார்க்கின் ஆய்வு என்றுதான் சொல்வார்கள். தொடங்கியவர் அவர் மனைவி மேமி. இது மேமியின் வேலை, நான் நடுவில் புகுந்துகொண்டவன், அது பதிவில் இருக்கட்டும் என்று கென்னத்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மேமி ஃபிப்ஸ் 1917-இல் ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்தவர். அப்பா மருத்துவர். ஊர் முழுக்க நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலம். மேமி படித்ததும் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய பள்ளியில்தான். ஆனாலும் தன் குழந்தைப் பருவம் சந்தோஷமானது என்றே அவர் நினைவுகூர்ந்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: எந்நேரமும் ஒரு கவசத்தோடு இருக்க வேண்டியிருந்தது, எதைச் செய்யக் கூடாது என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டோம். சந்தோஷமும் கவசமும் ஒரே வீட்டில் இருந்தன. பிற்பாடு இந்த ஆய்வைப் பற்றி எழுந்த பல விவாதங்களுக்கு மேமியின் வாழ்க்கையிலேயே பாதிப் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கென்னத்தைச் சந்தித்தார்; 1937-இல் திருமணம். 1939-இல் முடித்த முதுகலை ஆய்வில் மேமி எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரு கறுப்பினக் குழந்தைக்குத் தான் யார் என்பது எந்த வயதில் தெரிய வருகிறது? மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் கோட்டுப் படங்களைக் காட்டினார். வெள்ளைச் சிறுவன், கறுப்புச் சிறுவன் படங்களோடு சிங்கம், நாய், கோமாளி, கோழி எல்லாம் இருக்கும். "இதில் நீ எது?" என்று கேட்பார். பொம்மை ஆய்வு இதிலிருந்துதான் வளர்ந்தது.

பிறகு கணவனும் மனைவியும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்கள். கென்னத் 1940-இல், மேமி 1943-இல். அந்தப் பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் ஆன முதல் இரண்டு கறுப்பினத்தவர் இவர்கள்தான். மேமிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஹென்றி காரெட், பள்ளிப் பிரிவினை வழக்குகளில் ஒன்றில் பிரிவினை வேண்டும் என்ற தரப்புக்குச் சாட்சி சொன்னவர். மேமி எப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து படித்தார் என்று தெரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

எட்டுக் கேள்விகள்

ஆய்வில் கலந்துகொண்ட குழந்தைகளில் 134 பேர் தெற்கே ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ், பைன் ப்ளஃப், லிட்டில் ராக் ஊர்களில் கறுப்பினத்தவருக்கு மட்டுமான பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் எல்லா இனத்தவரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள்.

ஆய்வாளர் குழந்தையிடம் ஒவ்வொரு பொம்மையாகக் கேட்டு வாங்குவார். விளையாட உனக்குப் பிடித்த பொம்மையைக் கொடு. நல்ல பொம்மையைக் கொடு. பார்க்க மோசமாக இருக்கிற பொம்மையைக் கொடு. நல்ல நிறமாக இருக்கிற பொம்மையைக் கொடு. இந்த நான்கும் விருப்பத்தைப் பற்றியவை. அடுத்து வெள்ளைக் குழந்தை மாதிரி இருக்கிற பொம்மை எது என்று ஒரு கேள்வி. கறுப்பினக் குழந்தை மாதிரி இருப்பது எது என்று, அக்காலத்தில் வழங்கிய இரண்டு பெயர்களையும் சொல்லி, இரண்டு கேள்விகள். கடைசியாக எட்டாவது: உன்னை மாதிரி இருக்கிற பொம்மையைக் கொடு.

எது வெள்ளைக் குழந்தை, எது கறுப்புக் குழந்தை என்பதில் குழப்பமே இல்லை. நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவர்கள் சரியாக எடுத்துக் கொடுத்தார்கள். அதாவது மூன்று வயதிலேயே பெரும்பாலோர் நிறத்தைப் பிரித்துப் பார்க்கவும் அதற்கு ஊர் வைத்த பெயரோடு பொருத்தவும் பழகியிருந்தார்கள். விருப்பக் கேள்விகளில்தான் மனம் கனக்கிறது. 67 சதவீதம் பேர் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். 59 சதவீதம் பேருக்கு வெள்ளைப் பொம்மை நல்ல பொம்மை. பழுப்புப் பொம்மை மோசமான பொம்மை என்றவர்களும் 59 சதவீதம். பழுப்பு நல்ல நிறம் என்று சொன்னவர்கள் 38 சதவீதம்.

இத்தனைக்கும் பிறகு வரும் கேள்வி, உன்னை மாதிரி இருப்பது எது? ஒரு நிமிடம் முன்னால் "மோசமானது" என்று எடுத்துக் கொடுத்த அதே பொம்மையை இப்போது குழந்தை மறுபடி கையில் எடுக்க வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டில் சில குழந்தைகள் இந்த இடத்தில் அழுதார்கள். சிலர் அறையை விட்டே ஓடினார்கள். வெளிர்நிறமான ஒரு சிறுவன், கோடை வெயிலில் இப்படிப் பழுப்பாகிவிட்டேன், உண்மையில் நான் வெள்ளைதான் என்று வாதாடினான். ஆர்கன்சாவில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே பழுப்புப் பொம்மையைச் சுட்டி, கறுப்பினத்தவரை இழிவாக அழைக்கும் அந்தச் சொல்லைச் சொல்லி, "நானும் அதுதான்" என்றான். அழுத குழந்தைகளைப் போலவே இந்தச் சிரிப்பும் தன்னைக் கலங்கடித்தது என்று கென்னத் பிறகு சொன்னார். இரண்டு குழந்தைகளும் ஒரே செய்தியைத்தான் வாங்கியிருந்தார்கள். ஒருவனுக்கு அது பொறுக்கவில்லை, இன்னொருவனுக்குப் பழகிவிட்டது.

வண்ணம் தீட்டும் சோதனை ஒன்றும் நடந்தது. ஒரு தாளில் இலை, ஆப்பிள், ஆரஞ்சு, எலி, சிறுவன், சிறுமி படங்கள். இலைக்குப் பச்சை, ஆப்பிளுக்குச் சிவப்பு என்று சரியாகத் தீட்டத் தெரிந்த குழந்தைகளிடம் மட்டும், படத்தில் உள்ள குழந்தைக்கு உன் நிறத்தையே கொடு என்றார்கள். சிலர் தம் நிறத்தைவிட நன்றாக வெளிறிய நிறமாகத் தேடி எடுத்தார்கள். வேறு சிலர் சம்பந்தமே இல்லாத ஒரு நிறத்தைப் பூசி வைத்தார்கள். ஆரஞ்சுக்கு எந்தக் கிரேயான் என்று தடுமாறாத கை, தன் முகத்துக்கு வரும்போது தடுமாறியது.

அறிக்கையில் ஒரு குறிப்பு

நான் முன்னால் சொன்ன குறிப்பு இதுதான். முதலில் செய்துபார்த்தபோது கிளார்க் தம்பதியர் ஒன்றைக் கவனித்தார்கள். "உன்னை மாதிரி இருப்பது எது?" என்ற கேள்வியை முன்னால் கேட்டு, குழந்தை பழுப்புப் பொம்மையை "இது நான்" என்று அடையாளம் காட்டிவிட்டால், அப்புறம் அந்தப் பொம்மையைத்தான் பிடித்தது என்று சொல்லும் போக்கு நன்றாகவே கூடியது. இது உண்மையான விருப்பம் ஆகாது, தன்னை அதோடு இணைத்துக்கொண்டதால் வந்த சாய்வு என்று அவர்கள் எண்ணினார்கள். ஆகவே விருப்பக் கேள்விகளை முதலிலும் அடையாளக் கேள்விகளைக் கடைசியிலும் வைத்தார்கள்.

ஆய்வு முறைப்படி அவர்கள் செய்தது சரி. ஊர் அந்தக் குழந்தைக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறது என்று அறிவதே அவர்கள் நோக்கம். அதற்குக் குழந்தையின் தற்காப்பு குறுக்கே வரக் கூடாது. ஆனால் வளர்க்கும் இடத்தில் நிற்பவர்கள் இதை வேறு மாதிரி படிக்கலாம். எது அழகு, எது நல்லது என்று முதலில் கேட்டால், குழந்தையின் வாயிலிருந்து வருவது ஊரின் பதில். இது நான் என்று முதலில் சொல்ல வைத்துவிட்டால், அதற்கப்புறம் ஊரின் பதிலுக்கு அவ்வளவு பலம் இல்லை. ஒரே குழந்தை, அதே நான்கு பொம்மைகள், கேள்வியின் வரிசை மட்டும் வேறு. தன்னேற்பு என்பது அந்தக் குழந்தைகளிடம் இல்லாமல் போகவில்லை. முதலில் கேட்டால் எழுந்து வரக்கூடிய நிலையில்தான் இருந்தது.

வயதுவாரிக் கணக்கும் இதோடு பொருந்துகிறது. பழுப்புப் பொம்மையை "என்னை மாதிரி" என்று எடுத்தவர்கள் மூன்று வயதில் 36 சதவீதம், ஏழு வயதில் 87 சதவீதம். வெள்ளைப் பொம்மை மீதான விருப்பம் நான்கு வயதில் உச்சத்தில் இருந்து, ஏழு வயது வரும்போது ஓரளவு இறங்கியது. இறங்கினாலும் அந்த வயதிலும் பெரும்பான்மை வெள்ளைப் பொம்மைக்குத்தான். தன்னைத் தெளிவாக அறிந்துகொள்ளும் வேகத்துக்குத் தன்னைப் பிடித்துப்போவது ஈடுகொடுக்கவில்லை.

கறுப்பினக் குழந்தைகளுக்குள்ளேயே வெளிர்நிறமானவர்களில் 20 சதவீதம் பேர்தான் பழுப்புப் பொம்மையைத் தம்மைப் போன்றது என்றார்கள். அடர்நிறமானவர்களில் 81 சதவீதம். முதல் கூட்டத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டே நிறங்களைக் கொடுத்து உன் நிறம் எது என்று கேட்டால், கண்ணுக்குப் பக்கத்தில் தெரிவதைத்தான் அந்தக் குழந்தை எடுக்கும். ஒரே இனத்துக்குள் நிறத்தின் படிகள் எவ்வளவு பேசுகின்றன என்பது நமக்குப் புதிதல்ல. பிறந்த குழந்தையைப் பார்க்க வரும் உறவினர், யார் நிறம் வந்திருக்கிறது என்று காதைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது அமெரிக்க இனப் பிரிவினைபோல் சட்டத்தில் எழுதப்பட்டதல்ல; ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கிளாரண்டன் கவுண்டி, 1951

தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டியில் வெள்ளையினக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போக 30 பேருந்துகள் இருந்தன. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒன்றுகூட இல்லை. 1949-50 பள்ளி ஆண்டில் ஒரு வெள்ளையின மாணவருக்கு 179 டாலரும் கறுப்பின மாணவருக்கு 43 டாலரும் செலவிட்டார்கள். ஒரு பேருந்து கேட்டுத் தொடங்கிய பெற்றோரின் முறையீடு, பிரிவினையையே எதிர்க்கும் வழக்காக வளர்ந்தது. வழக்குக்குப் பெயர் கொடுத்த ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலையத்தில் பார்த்த வேலையை இழந்தார். அவர் மனைவி எலிசாவுக்கும் வேலை போனது.

பெற்றோர் தரப்பு வழக்கறிஞர்கள் தர்குட் மார்ஷலும் ராபர்ட் கார்ட்டரும் சமமற்ற செலவைக் காட்டுவதோடு நிற்க விரும்பவில்லை. நாளைக்கே பள்ளிக் கட்டடங்களைச் சமமாகக் கட்டிக்கொடுத்தாலும், பிரித்து வைப்பதே குழந்தையைக் காயப்படுத்துகிறது என்று காட்ட வேண்டும். கார்ட்டர் கென்னத்தைத் தேடிப் போனார். 1951 மே மாதம் கென்னத் பொம்மைகளோடு கிளாரண்டனுக்குப் போய், ஆறு முதல் ஒன்பது வயதுவரையிலான 16 குழந்தைகளைச் சோதித்தார். 10 பேருக்கு வெள்ளைப் பொம்மை பிடித்திருந்தது. 11 பேர் பழுப்புப் பொம்மையை மோசமானது என்றார்கள். 7 பேர் வெள்ளைப் பொம்மையைக் காட்டி, அதுதான் தங்களைப் போல இருக்கிறது என்றார்கள்.

கடைசிக் கணக்கை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும். இவர்கள் மூன்று வயதுக் குழந்தைகள் இல்லை. வெள்ளையினக் குழந்தைகளின் பேருந்து தம்மைக் கடந்து போவதைப் பார்த்தபடி, எழுதப் படிக்கத் தெரிந்துவிட்ட வயதில், பள்ளிக்கு நடந்து போகிறவர்கள்.

சில நாட்களில் சார்ல்ஸ்டன் நீதிமன்றத்தில் கென்னத் சாட்சி சொன்னார். கீழ் நீதிமன்றத்தில் தோல்விதான். மூன்று நீதிபதிகளில் வாட்டீஸ் வாரிங் மட்டும், பிரிவினை என்றாலே சமமின்மை என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இதையும் சேர்த்து ஐந்து வழக்குகள் ஒன்றாக உச்ச நீதிமன்றம் போயின. 1954 மே 17 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் ஒருமித்த தீர்ப்பை வாசித்தார். நிறத்தை மட்டும் வைத்துக் குழந்தைகளைப் பிரித்தால், சமூகத்தில் தாங்கள் தாழ்ந்தவர்கள் என்ற உணர்வு அவர்கள் நெஞ்சிலும் அறிவிலும் இறங்கிவிடும், பிறகு அதைச் சரிசெய்வதே கடினம் என்றது தீர்ப்பு. அதன் 11-ஆவது அடிக்குறிப்பில் முதலில் நிற்பது கென்னத் கிளார்க்கின் பெயர். மேமியின் பெயர் அதில் இல்லை.

மறுத்தவர்கள் கேட்டது

ஆய்வைத் தாக்கியவர்கள் எல்லோரும் பிரிவினை வேண்டும் என்றவர்கள் இல்லை. சில கேள்விகள் நியாயமானவை.

முதலாவது, தெற்கும் வடக்கும். பழுப்புப் பொம்மை மோசமானது என்றவர்கள் பிரித்து வைத்த தெற்குப் பள்ளிகளில் 49 சதவீதம். சேர்ந்து படித்த ஸ்பிரிங்ஃபீல்டில் 71 சதவீதம். பள்ளிப் பிரிவினைதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? தென் கரோலினா தரப்பின் மூத்த வழக்கறிஞர் ஜான் டேவிஸ் உச்ச நீதிமன்றத்தில் இதைத்தான் எடுத்துப் போட்டார். தெற்கத்திக் குழந்தைகள் தங்கள் நிலையை ஏற்றுப் பழகிவிட்டார்கள் என்பது கென்னத்தின் விளக்கம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அது மட்டும்தான் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெற்குப் பள்ளிகளில் ஆசிரியரும் கறுப்பினத்தவர், பக்கத்தில் உட்காருபவரும் கறுப்பினத்தவர். பள்ளியில் யாராவது பாராட்டினால் அந்தக் குரலும் தன்னவர் குரலாக இருக்கும். கட்டடம் ஒழுகினாலும் தன்னைப் போன்ற முகம் மதிப்போடு நிற்பதை அந்தக் குழந்தை தினமும் பார்த்தது. வடக்கில் அப்படிப் பார்க்க வாய்ப்பு குறைவு. பிரிவினையை நியாயப்படுத்த இதைப் பிடித்துக்கொள்வது பெரிய தவறு. ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்குத்தான் இது சான்று.

இரண்டாவது, அந்தக் காலத்தில் பழுப்புப் பொம்மை கடைகளில் கிடைப்பதே அரிது. பழகிய பொருளைக் குழந்தை கேட்டிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க வெள்ளையினக் குழந்தைகளையும் சோதிக்கவில்லை.

மூன்றாவதுதான் கனமானது. வெள்ளைப் பொம்மையை விரும்பினால் குழந்தை தன்னையே வெறுக்கிறது என்று ஆகிவிடுமா? வில்லியம் கிராஸ், மார்கரெட் பீல் ஸ்பென்சர் போன்ற கறுப்பின உளவியலாளர்கள் பிற்பாடு இதைப் பிரித்துக் காட்டினார்கள். தன்மீது ஒரு குழந்தைக்கு இருக்கும் மதிப்பு ஒன்று. தன் கூட்டத்தைப் பற்றி உலகம் சொல்வதை அது கற்று வைத்திருப்பது வேறொன்று. வீட்டில் கொஞ்சி வளர்த்த, தன்னம்பிக்கை நிறைந்த குழந்தைகூட வெள்ளைப் பொம்மையை நல்ல பொம்மை என்று சொல்லும், ஏனென்றால் கடையும் விளம்பரமும் கதைப்புத்தகமும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. மேமியின் குழந்தைப் பருவம் நினைவுக்கு வருகிறது: உள்ளே சந்தோஷம், வெளியே கவசம்.

அதற்காகக் காயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்பிரிங்ஃபீல்டில் அழுத குழந்தையிடம் போய், நீ உலகத்தைத்தான் எடுத்துச் சொன்னாய், உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று யார் சொல்வது? கற்றுக்கொண்ட பாடமும் தன் முகமும் எட்டாவது கேள்வியில் எதிரெதிரே வந்து நின்றன. பல குழந்தைகள் அதைச் சமாளித்தார்கள். சிலரால் முடியவில்லை.

எங்கிருந்து வருகிறது

இந்த நிறச் சாய்வு பிறவியிலேயே வருவதில்லை என்பதற்கு இன்று நல்ல சான்று இருக்கிறது. 2005-இல் பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் எந்த இனத்தவர் முகத்தையும் கூடுதலாகப் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் தம் இனத்தவர் முகத்தை அதிக நேரம் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த இஸ்ரேல் ஆய்வு இன்னும் தெளிவானது. எத்தியோப்பியாவில் வளரும் குழந்தைகள் கறுப்பின முகங்களையும், இஸ்ரேலின் வெள்ளையினக் குழந்தைகள் வெள்ளை முகங்களையும் அதிகம் பார்த்தார்கள். ஆனால் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த எத்தியோப்பியக் குடும்பங்களின் கைக்குழந்தைகள், இரண்டு வகை முகங்களோடும் புழங்கியவர்கள், இரண்டையும் ஒரே மாதிரி பார்த்தார்கள். மூன்று மாதக் குழந்தைக்கு அழகு, அசிங்கம் எதுவும் தெரியாது. சுற்றி இருப்பது எது என்று மட்டும் தெரிகிறது. அதன்மேல் மதிப்பெண் போட்டுக் கொடுப்பது நாம்.

யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. கதையில் இளவரசி யார், பள்ளி நாடகத்தில் அந்த வேடம் யாருக்குப் போகிறது, தலை வாரும்போது "இந்த முடியை என்னதான் செய்வது" என்று அம்மா விடும் பெருமூச்சு, தெருவில் யாரைப் பார்த்து அப்பாவின் குரல் தாழ்கிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. பெரியவர்கள் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது என்று நினைப்பவர்கள் பலர். பேசாவிட்டால் குழந்தைக்குத் தெருவின் பாடம் மட்டும்தான் மிஞ்சும்.

மாறிய பதில்கள்

1969-இல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஜோசப் ரபாவும் ஜெஃப்ரி கிராண்டும் கிட்டத்தட்ட இதே கேள்விகளை மறுபடி கேட்டார்கள். இந்த முறை கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் கறுப்புப் பொம்மையைக் கேட்டார்கள். லிங்கனில் கறுப்பினத்தவர் மிகச் சிறிய சிறுபான்மை. அந்தக் குழந்தைகளில் பலருக்கு வெள்ளையின நண்பர்களும் உண்டு. அப்படியிருந்தும் பதில் மாறியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது என்ன? உரிமைப் போராட்டம் தெருவுக்கு வந்தது. கறுப்பே அழகு என்ற முழக்கம் எழுந்து, பெரியவர்கள் தம் முடியை இயல்பாக வளரவிட்டார்கள். குழந்தைக்கு உபதேசம் செய்ததைவிட, அம்மாவும் அண்ணனும் தலை நிமிர்ந்து நடந்ததுதான் அதிகம் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பொம்மையும் மாறியது. 1965-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரத்துக்குப் பிறகு அங்கே உருவான சமூக அமைப்பு ஒன்று, 1968-இல் மேட்டல் நிறுவனத்தின் உதவியோடு ஷிந்தானா என்ற பொம்மைத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அவர்களின் முதல் பொம்மை பேபி நான்சி. அதற்கு முன் வந்த கறுப்புப் பொம்மைகள் பல, வெள்ளைப் பொம்மையின் அச்சிலேயே வார்த்துச் சாயம் மாற்றியவை. கிளார்க் தம்பதியரின் ஆய்வுக்கு அது தோதாக இருந்தது. ஒரு குழந்தைக்கு அது போதாது. ஷிந்தானா மூக்கையும் உதட்டையும் முடியையும் தம் மக்களைப் பார்த்து வடித்தது. 1983-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

1987-இல் உளவியலாளர்கள் டார்லீன் பவல்-ஹாப்சனும் டெரக் ஹாப்சனும் செய்தது வேறு வகை. முதல் சோதனையில் மழலையர் வகுப்பின் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் இருசாராரிலும் பெரும்பான்மையோர் வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். அப்புறம் ஒரு சிறு பயிற்சி: கறுப்பினக் குழந்தைகளை நல்லவிதமாகக் காட்டும் கதை படித்தார்கள், கறுப்புப் பொம்மையைக் கையில் தூக்கிப் பிடித்து அழகு, கெட்டிக்காரி என்று சொல்ல வைத்தார்கள், அதைத் தேர்ந்தெடுத்தவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் பாராட்டினார்கள். மறுபடி கேட்டபோது இருசாராரிலும் பெரும்பான்மை கறுப்புப் பொம்மையின் பக்கம் வந்தது. முன்வரிசை, பின்வரிசை என்று பிரித்ததில் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் ஒரு வரிசைப்படுத்தல்தானே. இந்த மாற்றம் எத்தனை நாள் நின்றிருக்கும் என்பதும் சந்தேகம். ஆனால் கல்லில் எழுதியதாக நாம் நினைக்கும் ஒரு விருப்பம் ஒரு கதைக்கும் சில நல்ல வார்த்தைகளுக்கும் அசைந்து கொடுத்தது.

ஹார்லெமின் நிலவறையில்

கிளார்க் தம்பதியர் வாழ்நாளில் அதிக காலம் செய்தது பொம்மை ஆய்வு இல்லை. 1946-இல் மேமியின் அப்பா கடனாகக் கொடுத்த 946 டாலரை வைத்து, ஹார்லெமின் டன்பார் குடியிருப்பில் தரைக்குக் கீழே உள்ள அறைகளில் குழந்தைகளுக்கான ஓர் ஆலோசனை நிலையம் தொடங்கினார்கள். நார்த்சைட் குழந்தை வளர்ச்சி மையம் என்று அது பெயர் பெற்றது. 1979-இல் ஓய்வு பெறும்வரை மேமிதான் அதை நடத்தினார்.

முதலில் வந்தவர்களில் கலங்கிப்போன பெற்றோர் பலர். நியூயார்க் பள்ளிகள் அவர்கள் குழந்தைகளை மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தித் தனி வகுப்பில் போட்டிருந்தன. மேமி உட்கார்ந்து முறையாகச் சோதித்துப் பார்த்தார். அவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எந்தக் குறையும் இல்லை. குறை படிப்பில் கைவிடப்பட்டதில் இருந்தது. அதனால் மையம் மனநல ஆலோசனையோடு நிற்காமல் வாசிப்புப் பயிற்சியிலும் இறங்கியது. பிடித்த பொம்மை எது என்று கேட்டுத் தொடங்கிய பெண், குழந்தை தன்னை மதிக்க வேண்டுமென்றால் அதற்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வர வேண்டும், பெற்றோரிடம் பள்ளிக்கூடம் மரியாதையாகப் பேச வேண்டும், தங்க நல்ல வீடு வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். நீ அழகு என்று குழந்தையிடம் நூறு முறை சொல்லலாம். வகுப்பில் "இவனுக்கு ஒன்றும் ஏறாது" என்று ஒதுக்கும் ஆசிரியர் அத்தனையையும் ஒரே காலையில் அழித்துவிடுவார். மேமி அந்த ஆசிரியரோடும் சண்டை போட்டார். மேமி 1983-இல் காலமானார், கென்னத் 2005-இல். நார்த்சைட் இன்றும் நடக்கிறது.

2010: யாரைக் கேட்க வேண்டும்

அழகின் வரிசையில் கீழே வைக்கப்பட்ட குழந்தையிடமே திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதில் ஒரு குறை உண்டு. மேலே வைக்கப்பட்ட குழந்தை என்ன கற்கிறது? 2010-இல் சி.என்.என். தொலைக்காட்சிக்காக மார்கரெட் பீல் ஸ்பென்சர் தலைமையில் 133 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இரு சாராரையும் கேட்டது. பொம்மைகளுக்குப் பதிலாக, வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறம்வரை ஐந்து நிறங்களில் ஒரே மாதிரியான குழந்தைப் படங்கள். நியூயார்க் பக்கம் நான்கு பள்ளிகள், ஜார்ஜியாவில் நான்கு. கறுப்பினக் குழந்தைகளிடமும் வெளிர்நிறத்தின் பக்கம் ஒரு சாய்வு இருந்தது. வெள்ளையினக் குழந்தைகளிடம் அது மிகவும் கூடுதலாக இருந்தது. கெட்ட குழந்தை எது, புத்தி குறைந்த குழந்தை எது என்று கேட்டபோது பலர் விரல் அடர்நிறப் படத்துக்குப் போனது.

ஸ்பென்சர் இதற்குச் சொன்ன விளக்கம் வீட்டோடு சம்பந்தப்பட்டது. கறுப்பினப் பெற்றோருக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. வெளியே கேட்டதையும் பார்த்ததையும் குழந்தை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, அது அப்படி இல்லை என்று உட்கார்ந்து விளக்கி, உலகத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் அவர்கள் நிற்கிறார்கள். வெள்ளையினப் பெற்றோர் பலருக்கு அப்படிப் பேச வேண்டிய நெருக்கடியே வருவதில்லை. கிளார்க் காலத்திலிருந்து பார்த்தால், கறுப்பினக் குழந்தைகளின் பதில்கள் மாறுவதற்குப் பின்னால் இப்படி நடுவில் நின்ற பெற்றோரின் பல வருட உழைப்பு இருக்கிறது. அடர்நிறப் படத்தைக் கெட்டது என்று காட்டிய குழந்தைகளின் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அந்த உழைப்பு தொடங்க வேண்டும். அவர்களும் அதே மூன்று, நான்கு வயதில்தான் இதைக் கற்கிறார்கள். அவர்களோடு அதே பெஞ்சில் உட்காரப்போவது நார்த்சைட் போன்ற இடங்களுக்கு வந்துபோகும் குழந்தைகள்தான்.